குப்பைமேனிக்கு வந்த வாழ்வு

அருப்புக்கோட்டையில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டு வியாபாரம் தொடங்கினார்கள். வியாபாரம் என்றால் லாபம் வருகிற வியாபாரம் இல்லை. முகத்துக்குப் போடும் ஆயுர்வேதச் சாமான்களைப் பங்கு போட்டு வாங்குவது, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வது, யாருக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது. அவ்வளவுதான். பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் பாடத்தை இதைவிட ஒழுங்காக யாரும் செய்முறையில் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயர்கள் வேண்டாம். ஊரை வைத்தே சொல்லிவிடலாம். திருச்சுழிக்காரிக்கு வறண்ட தோல். பனிக்காலத்தில் கன்னம் செதில் செதிலாக உரியும், குதிகால் வெடிக்கும். டவுன்காரி நெசவு வீட்டுப் பெண். காலையில் முகம் கழுவிவிட்டு வந்தால் இரண்டாவது பீரியடுக்குள் நெற்றியில் எண்ணெய் மின்னும், தாடையில் பரு. பந்தல்குடிக்காரிக்கு எதைத் தொட்டாலும் அரிப்பு. புதுச் சோப்பு போட்டால் கழுத்தில் தடிப்பு வரும். ஆக ஒரே பெஞ்சில் மூன்று தோல். விளம்பரக் கம்பெனிக்காரன் பார்த்தால் சந்தோஷப்படுவான்.

முதல் கொள்முதல்: வேம்பும் துளசியும் போட்ட ஃபேஸ்வாஷ் 199 ரூபாய், குங்குமாதி தைலம் என்று ஒரு சின்னக் குப்பி 449, கற்றாழை ஜெல் 150, மஞ்சள் கிரீம் 175. மொத்தம் 973. தலைக்கு 324 ரூபாய் 33 பைசா. மிச்சமிருக்கும் அந்த ஒரு பைசாவை யார் கணக்கில் எழுதுவது என்று ஒரு மதிய இடைவேளை முழுக்க வாக்குவாதம் நடந்தது.

வாங்குவதற்கு முன்னால் போனில் ஒரு கேள்வித்தாள். "உங்கள் பிரகிருதி என்ன?" என்று பன்னிரண்டு கேள்வி. தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் வருமா, முடி சுருட்டையா. பதில் சொல்லி முடித்ததும் வாதம், பித்தம், கபம் என்று ஒன்றைச் சொல்லி, கூடவே அதற்கான நாலு பொருளையும் விலையோடு காட்டியது. திருச்சுழிக்காரிக்கு வாதம் வந்தது. வீட்டில் போய்ச் சொன்னாள். அப்பத்தா காலை நீவிக்கொண்டே, "எனக்கும் அதேதான்டி சொன்னாக. முட்டியில வாதம்னு" என்றாராம்.

அப்பத்தா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆயுர்வேதத்தில் பிரகிருதி என்பது ஒரு ஆளின் மொத்த வாகு. செரிமானம், உறக்கம், உடல்கட்டு, மனம் எல்லாம் சேர்ந்தது. தோல் அதில் ஒரு அடையாளம் மட்டும். வறண்டு சொரசொரப்பாக இருந்தால் வாதக் குறி, சூடாக, சீக்கிரம் சிவந்துபோவதாக இருந்தால் பித்தக் குறி, வழவழப்பாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் கபக் குறி. தோலைப் பற்றி அந்த நூல்கள் மெனக்கெட்டே பேசியிருக்கின்றன. சரகர் தோலுக்கு ஆறு அடுக்கு என்றார், சுஸ்ருதர் ஏழு என்றார். ஆனால் ஃபேஸ்வாஷுக்கு மூன்று ரகம் போடவேண்டும் என்று இருவரும் சொல்லவில்லை.

உலர்ந்த தோல், எண்ணெய்த் தோல், சாதாரணத் தோல் என்ற பிரிவினை வேறு வழியில் வந்தது. போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ஹெலனா ரூபின்ஸ்டைன் என்ற பெண்மணி 1900-களின் தொடக்கத்தில் மெல்போர்னில் கிரீம் கடை வைத்தார். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்புதான் அந்தக் கிரீமின் ஆதாரம். தோலை வகை பிரித்து வகைக்கொரு பொருள் விற்கும் பழக்கத்துக்கு அவரைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். பிறகு 1975-ல் அமெரிக்காவில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் வெயில் பட்டால் கருகுமா, கறுக்குமா என்பதை வைத்து ஒரு அளவுகோல் போட்டார். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நாலு வகை. பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பிற்பாடு சேர்ந்தவை. கரிசல்காட்டுத் தோல் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்து ஏறினதுதான்!

இப்போது கடையில் இருக்கும் டப்பாக்கள் இந்த இரண்டையும் ஒட்டுப்போட்டவை. வாதம் என்றால் உலர்ந்தது, கபம் என்றால் எண்ணெய், பித்தம் என்றால் சென்சிடிவ் என்று ஒரு சமன்பாடு. கேட்க அழகாக இருக்கிறது. மூன்று பேரும் நம்பித்தான் தொடங்கினார்கள்.

டவுன்காரிக்கு வேம்பு ஃபேஸ்வாஷ் முதல் வாரம் பிரமாதம். எண்ணெய் காணாமல் போனது. "என் மூஞ்சி கண்ணாடி மாதிரி இருக்குடி" என்று நோட்டில் எழுதியிருக்கிறாள். இரண்டாவது வாரம் முகம் கழுவியதும் தோல் முரசு மாதிரி இழுத்தது. மூன்றாவது வாரம் உதட்டு ஓரம் உரிந்தது, பருவும் அப்படியே இருந்தது. அப்போதுதான் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். தண்ணீருக்கு அடுத்தபடியாக இருந்தது சோடியம் லாரெத் சல்ஃபேட், அதாவது நுரை வரவழைக்கும் சாமான். வேப்பிலைச் சாறு பட்டியலின் வால் பக்கம், வாசனைக்குக் கொஞ்சம் முன்னால். இந்தியாவில் அழகுசாதனப் பொருளின் லேபிளில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவில் பெரியதிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்பது 2020-ஆம் வருடத்து விதி. முன்பக்கம் வேப்பமரமே படமாக நிற்கும். பின்பக்கத்தில்தான் அது மரமா இலையா என்று தெரியும்.

குங்குமாதி தைலம் திருச்சுழிக்காரியின் பங்கு. ராத்திரி பூசினால் காலையில் கன்னம் மெத்தென்று இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. நல்லெண்ணெய் அடிப்படையிலான எந்தத் தைலமும் வறண்ட தோலுக்கு இதைச் செய்யும். அதில் குங்குமப்பூவின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. ஒரு கிராம் குங்குமப்பூவே பல நூறு ரூபாய் விற்கிற காலத்தில் 449 ரூபாய்க் குப்பிக்குள் எத்தனை இழை போயிருக்கும் என்பதை காஸ்ட் அக்கவுண்ட்ஸ் படிக்கிற யாரும் ஊகிக்கலாம். ஆசை யாரை விட்டது? டவுன்காரி ஒரு ராத்திரி அதைக் கடன் வாங்கிப் பூசினாள். மூன்றாம் நாள் கன்னத்தில் ஐந்து பரு. நோட்டில் அந்தப் பக்கத்தில் ஐந்து புள்ளி வைத்து ஒரு முகம் வரைந்திருக்கிறார்கள்.

பந்தல்குடிக்காரி பாடுதான் பாவம். மஞ்சள் கிரீம் எரிந்தது. கற்றாழை ஜெல்லாவது குளிர்ச்சி என்று பூசினால் அதுவும் எரிந்தது. ஜெல்லின் பச்சை நிறம் கற்றாழையிலிருந்து வந்ததில்லை, சேர்த்த சாயம். வாசனையும் சேர்த்ததே. "டப்பாவே வேண்டாம், அசல் கற்றாழையே ஊர்ல வேலியோரமா கிடக்கு" என்று ஒரு மடலை ஒடித்து அப்படியே முகத்தில் தேய்த்தாள். அதற்கும் அரிப்பு! ஏன் என்றால் கற்றாழைத் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் பால் ஓடுகிறது. அது தோலைக் கடிக்கும். மடலை வெட்டிச் சாய்த்துவைத்து அந்தப் பாலை வடியவிட்டு, சோற்றைப் பலமுறை அலசிய பிறகுதான் எடுக்க வேண்டும். வைத்தியம் தெரிந்த கிழவிகள் அலசாமல் தொட மாட்டார்கள். போனில் வீடியோ போடுகிறவர்களுக்கு அதற்கு நேரமில்லை.

அதன் பிறகு ஒரு நல்ல பழக்கம் வந்தது. எது வாங்கினாலும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்ப்பது. பந்தல்குடிக்காரியின் கைதான் பரிசோதனைச் சாலை.

நோட்டில் இருக்கும் முக்கியமான வரி ஒரு கிரீமைப் பற்றியது இல்லை. டவுன்காரி லீவுக்குத் திருநெல்வேலியில் சித்தி வீட்டுக்குப் போனாள். பத்து நாள். அதே ஃபேஸ்வாஷ், அதே முகம். தாமிரபரணித் தண்ணீர். ஒரு நாள் கூட தோல் இழுக்கவில்லை. திரும்பி வந்து வீட்டுப் போர் தண்ணீரில் கழுவிய அன்று சாயங்காலமே பழைய கதை.

பத்து நாள் லீவை வைத்து முடிவு சொல்லக் கூடாதுதான். தூசியும் குறைவு, தூக்கமும் அதிகம், சித்தி வீட்டுச் சாப்பாடு வேறு. ஆனாலும் தண்ணீரைச் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிணறும் போரும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர். பந்தல்குடிப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள் என்றால் அடியில் ஊறி வரும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கும்? பக்கெட்டில் படியும் வெள்ளைக் கறை பார்த்தாலே தெரியும். கால்சியமும் மெக்னீசியமும் சோப்பில் இருக்கும் கொழுப்பமிலத்தோடு சேர்ந்தால் கரையாத ஒரு திப்பி உண்டாகும். நுரை வராது, அந்தத் திப்பி தோலிலும் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். சோப்பு இல்லாத நுரைப்பான்களும் தப்பவில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கடினத் தண்ணீரில் கழுவினால் சோடியம் லாரில் சல்ஃபேட் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலைக் கிளப்புகிறது என்பது அதில் கண்டது. ஏற்கெனவே அரிப்புத் தோல் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

ஆக, மூன்று பேருக்கும் மூன்று தோல் என்று டப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்று பேருக்கும் பொதுவான ஒன்று வாளியில் இருந்தது. அதை எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டது, தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை.

இங்கேதான் திருச்சுழி அப்பத்தா மறுபடி வருகிறார். அவர் தலைக்கும் உடம்புக்கும் போடுவது அரப்பு. உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். (உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான்.) பேத்திக்கு அந்த வாசனையே பிடிக்காது, பஸ்ஸில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை மூன்றிலும் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற பொருள். அது கொழுப்பமில உப்பு கிடையாது. அதனால் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தாலும் திப்பி கட்டாது. பாசிப்பயற்று மாவும் அப்படியே, எண்ணெயை உறிஞ்சி வெளியே கொண்டுபோகும், படிவம் வைக்காது. நுரை குறைவு, உண்மைதான். இந்த ஊர்த் தண்ணீரில் சோப்புக்கு மட்டும் நுரை பொங்குகிறதா என்ன? உப்புத் தண்ணீர் பூமியில் அரப்பு நிலைத்ததற்குக் காரணம் அதன் பெருமை இல்லை. வேறு எதுவும் சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான்.

ஆயுர்வேதம் சார்ந்த டப்பாக்களில் விடுபட்டுப்போவது இதுதான். செடியின் பெயர் வந்துவிடுகிறது. அந்தச் செடியை எந்தத் தண்ணீரில், எந்த வெயிலில், யார் எதற்குப் போட்டார்கள் என்பது வருவதில்லை. எதிர் உதாரணமும் இருக்கிறது. மெடிமிக்ஸ் சோப்பு 1969-ல் சென்னையில் ரயில்வே மருத்துவர் வி.பி. சித்தன் செய்யத் தொடங்கியது. அவரிடம் வந்த ரயில்வே தொழிலாளர்களின் தோல் தொந்தரவுக்காக. யாருடைய தோலுக்கு என்று தெரிந்துகொண்டு செய்த பொருள். விற்பனை வந்தது அதற்குப் பிறகு.

மறுபக்கம், வீட்டு மருந்து எல்லாம் அமிர்தம் என்றும் சொல்லிவிட முடியாது. பாசிப்பயற்று மாவு திருச்சுழிக்காரியின் வறண்ட கன்னத்தை இன்னும் வறட்டியது. முன்னால் எண்ணெய் தேய்த்துக்கொண்டால்தான் அவளுக்குச் சரிப்பட்டது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு இந்த ஊர் வெயிலில் இறங்கினால் தோல் வெந்துபோகும். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் அப்படித்தான். அரைத்து ஈரமாக வைத்த பொடியில் பூஞ்சை பிடிக்கும். குப்பைமேனியைச் சிரங்குக்குப் பற்றுப் போடுவது சரி, ஆனால் இலங்கையில் அதைக் கஞ்சியில் போட்டுக் குடித்தவர்களில், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த செய்தி 1996-ல் மருத்துவ இதழில் வந்தது. பச்சை இலை என்பதற்காக அது பசு ஆகிவிடாது.

குப்பைமேனி என்றதும் ஞாபகம் வருகிறது. திருச்சுழி போகும் வழியெல்லாம் ரோட்டோரம் இது கிடக்கும். ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். யாரும் சீந்துவதில்லை. அதே குப்பைமேனி இன்று சோப்பாகி, காகிதப் பெட்டி போட்டு, 'கைவினை' என்று எழுதி, ஆன்லைனில் நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. ஆவாரம்பூ காய்ந்து பாக்கெட்டுக்குள் போய் 'கோல்டன் கேசியா' ஆகிவிட்டது. வந்த வாழ்வைப் பாருங்கள்! பந்தல்குடிக்காரி ஒரு மகளிர் குழுக் கடையில் குப்பைமேனி சோப்பு 60 ரூபாய்க்கு வாங்கி வந்தாள். முழங்கை மடிப்பில் பாஸானது. அவளுக்கு அரிப்பு வராத முதல் சோப்பு அதுதான். காரணம் குப்பைமேனியா, அல்லது அதில் வாசனை எதுவும் போடாததா? அவளுடைய சந்தேகம் இரண்டாவது மேல்தான்.

சரி, லேபிளுக்கு வருவோம். 'ஆயுர்வேத மருந்து' என்று எழுதியிருப்பதற்கும் 'ஆயுர்வேதத்தால் ஈர்க்கப்பட்டது' என்று எழுதியிருப்பதற்கும் நடுவில் ஒரு சட்டமே இருக்கிறது. 1940-ஆம் வருட மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் அட்டவணையில் சரக சம்ஹிதை, சுஸ்ருத சம்ஹிதை தொடங்கி ஒரு நூல் பட்டியல் உண்டு. நம் சித்த நூல்களும் அதில் உண்டு. அந்த நூல்களில் வரும் சரக்குகளை மட்டும் வைத்துச் செய்தால்தான் ஆயுர்வேத மருந்து என்று உரிமம். 'ஈர்க்கப்பட்டது' என்பதற்கு எந்த நூலும் தேவையில்லை, ஈர்ப்பு இருந்தால் போதும் :-)

இதில் வரியும் இருக்கிறது. விக்கோ டர்மரிக் கிரீம் மருந்தா, அழகுப் பொருளா என்று கலால் துறையும் கம்பெனியும் 1970-களில் தொடங்கிய சண்டை 2000-களில்தான் உச்ச நீதிமன்றத்தில் ஓய்ந்தது. கம்பெனிதான் ஜெயித்தது, அதாவது மருந்து. ஒரு மஞ்சள் கிரீம் கால் நூற்றாண்டுக்கு மேல் கோர்ட் படி ஏறினதற்குக் காரணம் மஞ்சளின் மகிமை இல்லை, வரி விகிதம். இன்றும் அந்தக் கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு ஆயுர்வேத மருந்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், முகத்துக்குப் போடும் கிரீமுக்கு 18. பில்லைப் பார்த்தாலே டப்பாவின் ஜாதகம் தெரிந்துவிடும். மூன்று பேரும் பார்த்தார்கள். வாங்கியதில் மூன்று 18, தைலம் மட்டும் 5.

இதுவரை எல்லாம் விளையாட்டு. தோல் உரிந்தால் பத்து நாளில் சரியாகும், ஐந்து பரு அமுங்கிவிடும். விளையாட்டு இல்லாத ஒன்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. அது திருச்சுழிக்காரியின் அக்காவைப் பற்றியது.

"இந்த உடம்பு நான் இல்லை" என்கிற விசாரணையை உலகத்துக்குக் கொடுத்த ரமணர் 1879-ல் பிறந்தது இதே திருச்சுழியில். அந்த ஊரிலும் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது உடம்பின் நிறத்தைத்தான். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், விடிவதற்கு முன்னால் மல்லிகை எடுக்கப் போவாள், வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவாள். நல்ல கறுப்பு, களையான முகம். இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டு "பொறவு சொல்லி விடுறோம்" என்று போனவர்கள் சொல்லி விடவில்லை. மூன்றாவது இடம் வருவதாக இருந்தது.

தெரிந்த அயித்தை ஒருவர் ஒரு சின்ன வெள்ளை டப்பா கொண்டு வந்து கொடுத்தார். மேலே பெயர் கிடையாது, உரிம எண் கிடையாது, ஒரு ஸ்டிக்கரில் மூலிகைப் படம். "ஆயுர்வேதந்தான்த்தா. பத்தே நாள்ல கலர் குடுக்கும். என் மகளுக்கே போட்டேன்" என்றார். பொய் சொல்லவில்லை, பத்தே நாளில் கொடுத்தது. பூ எடுக்கப் போன இடத்திலேயே கேட்டார்கள், "என்னத்தா, மூஞ்சி தெளிஞ்சிருச்சு?" வந்தவர்களும் சம்மதம் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்த அயித்தை தெய்வமாகத் தெரிந்தார்.

மூன்று மாதம் போட்டாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டப்பா தீர்ந்தது, அயித்தை வெளியூர் போயிருந்தார். நாலே நாளில் முகம் முழுக்கச் சிவந்தது. வெயிலில் நின்றால் தீப்பட்ட மாதிரி எரிச்சல், கன்னத்தில் நுண்ணிய நரம்பு மாதிரி கோடுகள், முன்பு இல்லாத பருக்கள். மறுபடி ஒரு டப்பா கிடைத்துப் பூசியதும் அடங்கியது. நிறுத்தினால் திரும்ப வந்தது. தங்கைதான் அந்த நோட்டையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அக்காவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் டப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். இந்த மாதம் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன் என்றாராம்.

அதற்குள் இருந்தது பெரும்பாலும் ஸ்டீராய்டு என்பது அவர் கணிப்பு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, படைக்கும் அரிப்புக்கும் டாக்டர் அளந்து கொடுப்பது. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும், அது இல்லாமல் தோல் நிற்காத நிலைக்கு வந்துவிடும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பதினான்கை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் சேர்த்தது. சீட்டே தேவைப்படாத மூலிகை டப்பாவுக்குள் அது நுழைந்துவிட்டால் அட்டவணை என்ன செய்யும்?

ஸ்டீராய்டு இல்லாவிட்டால் பாதரசம். கேரளத்தில், ஆயுர்வேதத்துக்கே பேர் போன கோட்டக்கல்லில், ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு உட்பிரிவு. அந்த 15-ல் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் போட்டவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் வேலை காட்டியிருக்கிறது. பாதரசம் கலந்த அழகுப் பொருள் இந்தியாவில் சட்டப்படியே கூடாது. பெயரில்லாத டப்பாவுக்குச் சட்டம் படிக்கத் தெரியாது.

பெரிய கம்பெனிகளும் இந்த ஆசையில் வளர்ந்தவைதான். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேரை' எடுத்துவிட்டு 'குளோ' ஆனது. பெண் பார்க்க வருகிறவர்கள் அப்படிப் பெயர் மாற்றவில்லை.

அக்காவின் வைத்தியம் எளிமையானது, நீளமானது. டப்பாவை ஒரேயடியாக நிறுத்தாமல் டாக்டர் சொன்னபடி இறக்கிக்கொண்டே வந்தாள். முகத்துக்கு வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், கழுவுவதற்குக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், அதைக் குடத்தில் தனியாகப் பிடித்துவைப்பார்கள். வெயில் படவே கூடாது. கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, ஆல்பத்தில் மட்டும் போட்டோக்காரர் அத்தனை பேர் முகத்தையும் ஒரே வெள்ளையாக அடித்துவைத்திருக்கிறார்.

மூன்று பேர் கூட்டு இன்னும் கலையவில்லை. டவுன்காரி பருவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தும் பாசிப்பயற்று மாவும் போடுகிறாள். திருச்சுழிக்காரி குங்குமாதியை விட்டுவிட்டு வீட்டு நல்லெண்ணெய்க்கு மாறிவிட்டாள், குப்பியின் அடியில் இருந்த மிச்சம் குதிகாலுக்குப் போனது. பந்தல்குடிக்காரி மகளிர் குழுவில் இன்னும் ஆறு சோப்பு மொத்தமாக வாங்கிவைத்திருக்கிறாள். அக்கா புகுந்த வீட்டிலும் மல்லிகைத் தோட்டம் உண்டு. இப்போதும் பூ எடுக்கப் போகிறாள், வெயில் ஏறியதும் ஒரு கறுப்புக் குடையை விரித்துக்கொள்கிறாள். "மழையே காணாத ஊருல குடையெதுக்கு மதினி?" என்று நாத்தனார் கேலி செய்கிறாளாம்.